மெய்க்கீர்த்தி: புகழ்ச்சிக்குள் இருக்கும் காலக்கணக்கு

கல்வெட்டின் முகப்பில் அரசனின் வெற்றிகளைச் செய்யுள் நடையில் அடுக்கிப் புகழும் பகுதிக்கு மெய்க்கீர்த்தி என்று பெயர். மெய் தமிழ், கீர்த்தி வடசொல். வடமொழிப் பிரசஸ்திக்கு நிகரான இதை, சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் தனி இலக்கிய வகையாகவே கொள்கின்றன.

முதலாம் இராசராசனுக்கு முன் சோழக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் ஓர் அடைமொழிதான் இருக்கும். முதலாம் பராந்தகன் 'மதிரை (மதுரை) கொண்ட கோப்பரகேசரி'. 'திருமகள் போல' என்று தொடங்கும் நிலையான வாசகம் இராசராசன் காலத்தில் வந்தது. பின்வந்தவர்களுக்கும் தனித்தனித் தொடக்கங்கள் அமைந்தன: இராசேந்திரனுக்குத் 'திருமன்னி வளர', இராசாதிராசனுக்குத் 'திங்களேர் தரு'. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடியதால் பட்டத்தை மட்டும் வைத்து ஆளைச் சொல்ல முடியாது. பெயர் சிதைந்த கல்லிலும் மெய்க்கீர்த்தியின் முதல் இரண்டு சீர்கள் மிஞ்சினால் அரசன் யாரெனத் தெரிந்துவிடும்.

ஆட்சியாண்டு ஏற ஏற வெற்றிப் பட்டியலும் நீளும். இதுதான் மெய்க்கீர்த்தியின் பெரும்பயன். இராசராசன் வென்ற 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' (மாலத்தீவு என்பர்) கடைசி ஆண்டுகளில்தான் சேர்கிறது. இராசேந்திரன் 1012இல் பட்டமேற்றான். கடார (இன்றைய மலேசியாவின் கெடா) வெற்றி 14ஆம் ஆட்சியாண்டிலிருந்து வருகிறது. ஆகவே ஆண்டு உடைந்த கல்லில் 'கடாரம்' இருந்தால் அது 1025க்கு முந்தியதல்ல. இதைத் தலைகீழாக்கக் கூடாது. கல்லில் இடம் போதாமல் வாசகத்தைச் சுருக்கி வெட்டியதுண்டு. எனவே ஒரு வெற்றி இல்லை என்பது காலத்துக்குச் சான்றாகாது.

ஆட்சியாண்டை நம் ஆண்டாக மாற்றும்போதும் ஓராண்டு பிசகலாம். இராசராசன் பட்டமேற்றது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில். அவனது 29ஆம் ஆண்டு 1013இன் நடுவில் தொடங்கி 1014இன் நடுவில் முடியும். கிழமையும் நட்சத்திரமும் திதியும் பொறித்திருந்தால்தான் நாளைக் குறிக்கலாம்.

கல்வெட்டைத் தாளில் படியெடுக்கக் கல்லைத் துலக்கி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துப் பள்ளங்களில் இறக்க வேண்டும். பிறகு மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது, எகர ஏகார வேறுபாடும் இராது. பொருளறிந்தே படிக்க வேண்டும். கோயில் சுவரில் மணல் வீசித் தூய்மை செய்தால் எழுத்தின் விளிம்பே தேய்ந்துபோகும். அந்த இழப்பை எந்தப் படியாலும் மீட்க முடியாது.

படித்த பிறகும் பொருள் தெளியாத இடங்கள் உண்டு. இராசராசன் மெய்க்கீர்த்தியில் வரும் 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்பதில் சாலை கல்விச்சாலை என்பர்; கலம் கப்பல் என்பார் ஒரு சாரார். சாலையில் அளித்துவந்த உணவுரிமை என்பார் மற்றொரு சாரார்.