ஒரு பக்கம் மட்டும் பாடும் அம்பிளிபயர்

வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் நெருங்கும்போது, வன்னியில் மாதக்கணக்காகச் சும்மா கிடந்த பழைய அம்பிளிபயர்கள் வெளியே வரும். அவற்றில் அதிகம் காணும் குறை, ஒரு பக்கம் பாடும், மறுபக்கம் பாடாது. "ஐசி போயிற்று" என்று முடிவுகட்டிச் செற்றை ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்ரீரியோ செற்றில் ஒரே சுற்றைத்தான் இரண்டு தடவை கட்டியிருக்கிறார்கள். வரைபடம் கிடைக்காத பழைய செற்றுக்கு, பாடுகிற பக்கம்தான் வரைபடம். கீழே சொல்லும் எல்லாமே இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலைதான்.

முதலில் பெட்டியைத் திறக்க வேண்டாம். செற்றை நிறுத்திவிட்டு, பின்னாலுள்ள இரண்டு ஸ்பீக்கர் வயர்களையும் இடம்மாற்றிக் கொழுவுங்கள். முன்பு பாடாத ஸ்பீக்கர் இப்போதும் பாடவில்லை என்றால் பிழை அந்த ஸ்பீக்கரிலோ வயரிலோ இருக்கிறது. அது பாடி மற்றது நின்றால் பிழை செற்றுப் பக்கம். அடுத்து, பாட்டு உள்ளே வரும் வயரின் இடது வலதை மாற்றுங்கள். ஊமைப் பக்கமும் சேர்ந்து மாறினால் பிளேயர் அல்லது அந்த வயர். மாறாவிட்டால்தான் அம்பிளிபயர்.

அப்போதும் சுவிட்சுகளைப் பார்க்க வேண்டும். பலன்ஸ், ஸ்பீக்கர் ஏ-பி, ரேப் மொனிற்றர் (ரேப் ரெக்கோடரைக் கேட்கும் சுவிட்ச்) ஒவ்வொன்றையும் இருபது முப்பது தடவை இயக்குங்கள். கரகரவென்று சத்தம் வந்து வந்து போனால் அழுக்குத்தான். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக் காற்று, கரையை விட்டு உட்புறத்து ஊர்களில் செம்புழுதி, இரண்டும் தொடுமுனைகளைக் கெடுக்கும். கொன்ராக்ற் கிளீனர் அடித்துத் திருப்ப வேண்டும். மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டவே வேண்டாம். புழுதி எண்ணெயோடு பசையாகிப் பின்பு துடைக்கவும் வராது. சில ஜப்பான் செற்றுகளின் பின்புறம் 'ப' வடிவில் இரண்டு கம்பிப் பாலங்கள் இருக்கும். ஒன்று கறுத்துப்போனால் அந்தப் பக்கம் நின்றுவிடும்.

நான் அதிகம் சந்தேகிப்பது, ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் சிறு மின்காந்தச் சுவிட்சான ரிலேயைத்தான். செற்றைப் போட்டு மூன்று முதல் ஐந்து செக்கனில் 'டிக்' என்று கேட்பது அதுதான். குறைந்த சத்தத்தில் ஒரு பக்கம் மங்கி, வொலியூமைக் கூட்டியதும் 'பட்' என்று திரும்பி வந்தால் அதன் தொடுமுனை கறுத்திருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு ரிலேயின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மிளகளவு வெள்ளிப் பொட்டின் நடுவில் கரிப்புள்ளி தெரியும். தடித்த அட்டைத் துண்டை ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்து, முனைகளுக்கிடையே வைத்து, மெதுவாக அழுத்தி இழுங்கள். அட்டை வெள்ளையாக வரும்வரை செய்யலாம். மண்தாள் போட்டால் வெள்ளிப்பூச்சு போய் சில மாதத்தில் பழையபடியே வரும். ரிலே புதிது போடுவது இன்னும் நல்லது, சுருளின் வோல்ற்றேஜ் ஒத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. ஒரே ரிலே இரண்டு பக்கத்தையும் காக்கும் செற்றில் ரான்சிஸ்ரர் ஷோர்ட்டானால் பெரும்பாலும் ரிலே ஒட்டாமல் இரண்டு பக்கமுமே நிற்கும். ரிலே 'டிக்' என்று ஒட்டியும் ஒரு பக்கம் மட்டும் ஊமையாக இருந்தால், ரான்சிஸ்ரரைக் கழற்றுமுன் தொடுமுனைகளையும் ஈயப்பற்றுகளையும் பாருங்கள். வயர் சொருகும் ஜக், வொலியூம் கால்கள், பெரிய ரெசிஸ்ரர் ஆகியவற்றின் ஈயத்தைச் சுற்றி முடியளவு கறுப்பு வளையம் தெரிந்தால் அது வெடிப்பு. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவையுங்கள்.

மீற்றர் வைக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள். பெரிய கப்பாசிற்றர்களில் மின் தங்கியிருக்கும். 100 ஓம் 5 வாற் ரெசிஸ்ரரைக் கப்பாசிற்றரின் இரு கால்களிலும் பத்துச் செக்கன் பிடித்து, 2 வோல்ற்றுக்குக் கீழே இறங்கியதா என்று அளந்து பாருங்கள். திருப்புளியால் ஷோர்ட் பண்ணுவது கண்ணுக்கும் ஆபத்து, கப்பாசிற்றருக்கும் கேடு.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுச் செற்றைப் போட்டு, ஸ்பீக்கர் முனைகளில் டீசி (நேர்மின்) வோல்ற்றேஜை அளந்து பாருங்கள். ரிலே ஒட்டாத செற்றில் ரிலேக்கு முந்திய பக்கத்தில் அளக்க வேண்டும். கப்பாசிற்றர் இல்லாமல் ஸ்பீக்கருக்கு நேரடியாக வெளிவரும் சுற்றில் 50 மில்லிவோல்ற்றுக்குள் இருந்தால் நலம். 20, 30 வோல்ற் என்று நின்றால் ஸ்பீக்கரைக் கொழுவாதீர்கள், சுருள் எரிந்துபோகும். ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் பெரிய கப்பாசிற்றர் உள்ள ஒற்றை சப்ளைச் செற்றில், அந்தக் கப்பாசிற்றருக்கு முன்னால் சப்ளையின் பாதி இருக்க வேண்டும், 40 என்றால் 20. நல்ல பக்கத்தின் அளவோடு ஒப்பிடுங்கள்.

ரான்சிஸ்ரர் ஷோர்ட்டாகியிருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். பக்கத்திலுள்ள வெள்ளை 0.22 அல்லது 0.47 ஓம் ரெசிஸ்ரரும் போயிருக்கலாம். ரான்சிஸ்ரருக்கு அடியில் வைக்கும் மைக்காத் தாளை மறந்தால் அதன் உலோகம், சூடு தணிக்கும் ஹீற்சிங்கில் முட்டி மறுபடி ஷோர்ட். எஸ்.ரி.கே. என்று எண் தொடங்கும் பவர் ஐசிகள் பலவற்றில் இரண்டு பக்கமும் ஒரே கட்டிக்குள் இருப்பதால் முழுதாக மாற்ற வேண்டிவரும். சந்தையில் போலிகள் உண்டு, கழற்றிய பழையதோடு எழுத்தையும் பருமனையும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.

பியூஸ் போனால் செப்புக்கம்பி, சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் சுற்றிப் போடுவதை நிறுத்துங்கள். 3 அம்பியர் என்றால் 3 அம்பியர். கம்பி உருகாது, உள்ளே ரான்ஸ்போமர்தான் உருகும்.

வேலை முடிந்ததும் நேரே 230 வோல்ற்றில் கொழுவாமல், இடையில் 60 வாற் குண்டு பல்ப்பைத் தொடராக வையுங்கள். பளிச்சென்று மின்னி மங்கினால் பிழையில்லை. வெளிச்சமாகவே நின்றால் உள்ளே இன்னும் ஷோர்ட் இருக்கிறது, நிறுத்துங்கள். மங்கினால் டீசியை மறுபடி அளந்து, கடைசியாகத்தான் ஸ்பீக்கரைக் கொழுவுங்கள்.