வழங்கல் தொடர்: ‘சப்ளை செயின்’ என்பதற்குச் சரியான தமிழ்

‘சப்ளை செயின்’ என்பதைச் செய்திகளில் பெரும்பாலும் ‘விநியோகச் சங்கிலி’ என்றே எழுதுகிறோம். சொல் பழகிவிட்டது, பொருள் பாதிதான் வருகிறது. விநியோகம் என்றால் கையில் இருப்பதைப் பலருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது. கிடங்கிலிருந்து கடைக்குப் போகும் வழி மட்டும்தான் அதில் தெரியும். பருத்தி பறிப்பவர், நூற்பவர், தைப்பவர், பிசிறு வெட்டுபவர் எல்லாரும் கிடங்குக்கு முந்தியவர்கள். பெண்கள் மிகுந்திருப்பதும், கூலி குறைவதும் அந்தப் பக்கத்தில்தான்.

‘சப்ளை’யின் லத்தீன் வேர் ‘குறையை நிரப்புதல்’ என்ற பொருள் உடையது. ‘சப்ளை செயின் மேலாண்மை’ என்ற தொடரை 1982-ல் கீத் ஆலிவர் என்ற ஆலோசகர் பயன்படுத்திய பிறகு அது வணிக உலகில் பரவியது. தமிழில் ‘வழங்கல்’ இதற்குப் பொருந்தும். ‘சங்கிலி’ வடமொழிச் சிருங்கலாவின் திரிபு. ஆனால் ‘தொடர்’ என்ற சொல்லுக்கே சங்கிலி என்ற பொருள் உண்டு: புறநானூற்றின் 74-ஆம் பாட்டில் வரும் ‘தொடர்ப்படு ஞமலி’ சங்கிலியில் கட்டிய நாய். ஆகவே ‘வழங்கல் தொடர்’ என்பதே நம் பரிந்துரை. அதன் ஒவ்வொரு வளையத்தையும் ‘கண்ணி’ எனலாம்.

கண்ணிகளைப் பெயர் சொல்லி எண்ணினால்தான் உரிமை யாரிடம் கேட்பது என்று தெரியும். பிராண்ட், ஆர்டர் எடுத்த ஆலை, அது வேலையைப் பிரித்துக் கொடுக்கும் சிறு பட்டறை, ஏஜென்ட், கடைசியில் வீட்டில் ஊசியோடு ஒரு பெண். நாளுக்கு 1,000 சட்டை தைக்கும் ஆலை 20 நாளில் 30,000 தருவதாக ஒப்புக்கொண்டால் 10,000 சட்டை வெளியே போய்த்தான் ஆக வேண்டும். வேலை நிலைமையைச் சரிபார்க்கும் ஆடிட் பெரும்பாலும் ஆர்டர் எடுத்த ஆலையோடு நின்றுவிடும். பிராண்டின் ஒப்பந்தம் அதனோடு மட்டுமே. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, எந்த பிராண்டுக்கு அங்கே தைத்தார்கள் என்பதை இடிபாட்டில் கிடந்த லேபிள்களைப் பொறுக்கித்தான் நிறுவ வேண்டியிருந்தது.

கடைசிக் கண்ணியின் பெயரிலும் குழப்பம் இருக்கிறது. ‘வீட்டு வேலைத் தொழிலாளர்’ என்றால் பிறர் வீட்டில் சமைத்துத் துலக்குபவர். அவர்களுக்கானது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2011-ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 189. தன் வீட்டில் இருந்து ஆலைக்குப் பொருள் செய்து கொடுப்பவருக்கு 1996-ஆம் ஆண்டின் எண் 177. இவரை ‘வீடுசார் தொழிலாளர்’ என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பெயர் மாறினால் மனு தவறான சட்டத்தின் கீழ் போய்விடும்.

177-உடன் வந்த 184-ஆம் பரிந்துரை மிக நுணுக்கமானது. பீஸ் ரேட், அதாவது ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி, அதே வேலையை ஆலைக்குள் செய்பவர் பெறுவதோடு ஒப்பிடத் தக்கதாக இருக்க வேண்டும். மின்சாரம், மிஷின் பராமரிப்புச் செலவோடு, பொருளை வகை பிரிக்க, கட்டு அவிழ்க்க, கட்ட ஆகும் நேரத்துக்கும் ஈடு தர வேண்டும். கூலி வராவிட்டால் ஏஜென்டும் ஆலையும் சேர்ந்தே பொறுப்பு. இது பரிந்துரைதான், நாடுகள் சட்டமாக்கினால்தான் கட்டுப்படுத்தும்.

அந்த நேரக் கணக்கில்தான் கூலி ஒழுகுகிறது. ஒரு உருப்படிக்கு 6 நிமிடம் என்றால் 8 மணி நேரத்தில் 80. நாள் கூலியை 80-ஆல் வகுத்து ரேட் போடுவார்கள். கட்டு அவிழ்க்க, எண்ண, ஊசி மாற்ற ஒரு மணி நேரம் போனால் 70 உருப்படிதான் வரும். எட்டில் ஒரு பங்கு கூலி போயிற்று, யாரும் பிடித்ததாகத் தெரியாமலே.

இதைத் தட்டிக்கேட்க ஒரு நோட்டு வேண்டும். வாங்கிய தேதி, எண்ணிக்கை, ரேட், திருப்பிக் கொடுத்த எண்ணிக்கை, ரிஜெக்ட் ஆனதற்குக் காரணம், பிடித்தம், ஏஜென்டின் கையெழுத்து. இவற்றோடு, துணிக் கட்டோடு வரும் சீட்டில் உள்ள ஸ்டைல் நம்பரையும், அதாவது அந்த ஆடை வடிவத்தின் எண்ணையும், அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும். ஏஜென்ட் அந்தப் பெண்ணைத் தெரியவே தெரியாது என்று சொன்னாலும், அந்த எண் ஆலையின் ஆர்டர் தாளிலும் இருக்கும்.