அழுது, சிரித்து, மறுபடி வீறிடும் குழந்தை

"நல்லாத்தான் சார் இருந்தான்" என்று ஒரு தாய் ஆரம்பித்தால், குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் இருக்கும் எங்களுக்கு அடுத்து வரப்போவது ஓரளவு தெரிந்துவிடும். ஆறேழு மாதக் குழந்தை. நல்ல எடை, கொழுகொழுவென்று இருக்கும். போன வாரம் லேசாகச் சளியோ வயிற்றுப்போக்கோ வந்து சரியாகியிருக்கும். அதிகாலையில் தூங்கிக்கொண்டிருந்தவன் திடீரென்று வீறிட்டு அழுதிருக்கிறான். இரண்டு கால்களையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டான், முகம் வெளிறிப்போனது. சில நிமிடம்தான். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோலக் கிலுகிலுப்பையைப் பிடித்து ஆட்டினான், சிரித்தான். வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே அழுகை.

குடல் செருகல் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் இன்டஸ்ஸசெப்ஷன் என்று எழுதியிருப்போம். சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் நுழைந்து மாட்டிக்கொள்கிறது. முழுக்கைச் சட்டையை அவசரமாகக் கழற்றும்போது கைப்பகுதி உள்வாங்கிக்கொள்வதுபோல. குடல் இயல்பாகவே அலை அலையாக அசைந்து உணவைத் தள்ளும். இப்போது அந்த அலை, மாட்டிய பகுதியை இன்னும் உள்ளே தள்ளுகிறது. அலை வரும்போது வலி, ஓய்ந்ததும் சிரிப்பு. உள்ளே போன குடலோடு அதன் ரத்தக் குழாய்களும் இழுபட்டு நெரிபடுகின்றன. முதலில் வீக்கம், பிறகு ரத்தக் கசிவு, அதற்கும் மேல் விட்டால் அந்தப் பகுதி அழுகிவிடும்.

மூன்று மாதம் முதல் மூன்று வயது வரை வரலாம் என்றாலும், முதல் பிறந்தநாளுக்கு முன்தான் அதிகம். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூடுதல். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தனிக் காரணம் எதுவும் கிடைக்காது. வைரஸ் தொற்றுக்குப் பிறகு குடல் சுவரில் இருக்கும் நிணநீர்த் திசுக்கள் வீங்குவதும், அந்த வீக்கத்தைக் குடல் இழுத்துக்கொண்டு போவதும்தான் தொடக்கம் என்று நினைக்கிறோம். தாய் என்ன சாப்பிட்டாள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முந்தின நாள் அவள் பலாப்பழம் தின்றதுதான் காரணம் என்று வார்டில் ஒரு மாமியார் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தனியே கூப்பிட்டுப் பேச வேண்டியதாயிற்று. பெற்றோரின் குற்ற உணர்ச்சிக்கு நம் வீடுகளில் தீனிக்குப் பஞ்சமே இல்லை.

இடையில் வருகிற அந்தச் சிரிப்புதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. சிரிக்கிற குழந்தையை யார் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள்? கிரைப் வாட்டர் கொடுத்துப் பார்ப்பார்கள். "உரம் விழுந்திருக்கு" என்று துணியில் போட்டு உருட்டுவார்கள். தொக்கம் எடுக்கிற அம்மாவிடம் கொண்டுபோவார்கள். அவர் வயிற்றை அமுக்கி, எதையோ எடுத்தும் காட்டுவார். எடுத்து முடிக்கும் நேரமும் வலி ஓயும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டால் நம்பிக்கை உறுதியாகிவிடும். பாட்டிமார்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. குழந்தை வழக்கமாக அழுகிற அழுகை இதுவல்ல என்று முதலில் கண்டுபிடித்துச் சொல்வதும் பல வீடுகளில் அவர்கள்தான். ஆனால் செருகிய குடலை வெளியிலிருந்து அமுக்குவதும், விளக்கெண்ணெய் புகட்டுவதும் ஆபத்து. மணிக்கணக்கும் அதில் போய்விடுகிறது.

மலத்தில் சளியும் ரத்தமும் கலந்து வந்தால்தான் பலர் பதறுகிறார்கள். அது சற்றுத் தாமதமாக வருகிற அறிகுறி, வராமலே போகவும் செய்யும். வந்தாலும் சீதபேதி என்று நினைத்து ஆன்டிபயாடிக் சிரப்போடு திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைகள் உண்டு. சீதபேதியில் பெரும்பாலும் காய்ச்சல் இருக்கும், பலமுறை பேதியாகும். குடல் செருகலில் மலம் குறைவு, அழுகையும் வாந்தியும் அதிகம். வாந்தி முதலில் பாலாக வரும், பிறகு பச்சையாக மாறும். கைக்குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், காரணம் எதுவானாலும், அன்றைக்கே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. சில குழந்தைகள் அழவே மாட்டார்கள். துவண்டுபோய், கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வார்கள். "அழுது களைச்சுத் தூங்குறான்" என்று வீட்டில் விட்டுவிடுகிற தூக்கம் அது.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் இது தெளிவாகத் தெரியும், வட்டத்துக்குள் வட்டமாக. தெரிந்ததும் நேராக ஆபரேஷன் தியேட்டருக்குப் போவதில்லை. குழந்தையின் உடல்நிலை சீராக இருந்து, குடலில் ஓட்டை விழவில்லை என்றால், ஆசனவாய் வழியாக ஒரு குழாய் வைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே உப்புநீரைச் செலுத்துவோம். நீரின் அழுத்தம் செருகிய குடலைப் பின்னால் தள்ளிக்கொண்டே வரும். சில இடங்களில் எக்ஸ்ரே உதவியோடு காற்றைச் செலுத்துவார்கள். சீக்கிரம் வந்த குழந்தைகளில் பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். ஒரு தையல்கூடத் தேவைப்படாது. ஒரு நாள் கடந்து வருகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

மீதி ஒருவர் இருவரின் பெற்றோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். "ஆபரேஷன் இல்லாமலே சரியாகலாம்" என்று கேட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். அரை மணி நேரம் கழித்து நான் வெளியே வந்து, "குடல் முழுசா திரும்பலை, திறந்துதான் எடுக்கணும்" என்று சொன்னால், ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். அதற்குப் பிறகு நான் சொல்வதில் பாதி அவர்கள் காதில் ஏறாது. அதனால் முதலிலேயே இரண்டு வழியையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் எங்கள் பழக்கம். மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்: "இதில் சரியாகலைன்னா அடுத்து என்ன, அது இங்கேயே நடக்குமா?" குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரும் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரும் தயாராக இருக்கும் இடத்தில்தான் உப்புநீர் சிகிச்சையையே தொடங்க வேண்டும். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலும் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த வசதி உண்டு. 108 ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது.

சம்மதப் படிவம் வரும். குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்க நேரலாம், உயிராபத்து ஏற்படலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். ஓர் இளம் தகப்பன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இந்த ஒரு வரியை மட்டும் அடிச்சிடலாமா?" என்று கேட்டார். அடிக்க முடியாது. ஆனால் உட்காரவைத்து, எது அடிக்கடி நடப்பது, எது மிக அரிதானது என்று பிரித்துச் சொல்ல முடியும். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. கணவர் வெளியூரிலோ துபாயிலோ இருக்கிறார், "அவர் சொல்லட்டும், தாத்தா வரட்டும்" என்று காத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. தாயின் கையெழுத்தே போதும். போனில் பேசிக்கொள்ளலாம், ஆனால் அதற்காக ஆபரேஷன் தள்ளிப்போகக் கூடாது.

அந்தச் சில மணி நேரத்தில் தாய்க்கு மிகவும் கஷ்டமானது குழந்தையைப் பட்டினி போடுவது. ஸ்கேன் பார்த்ததிலிருந்து பால் கொடுக்கக் கூடாது. மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். மூக்கு வழியாகக் குழாய் போட்டு வயிற்றைக் காலியாக்குவோம், தேவையான நீர்ச்சத்து டிரிப்ஸில் போகும். ஊசி குத்திய குட்டிக் கை அசையாமல் இருக்க, மருந்து அட்டைப்பெட்டியை வெட்டிக் கட்டுத்துணி சுற்றிக் கட்டியிருப்பார்கள். குழந்தை அந்தக் கையையே சப்பிக்கொண்டிருக்கும். தாயின் மடியில் இருந்தால் பால் வாசனைக்கு இன்னும் அதிகமாக அழும். அப்பாவோ சித்தியோ தூக்கிக்கொள்ளட்டும். தாய்க்கு மார்பு கட்டி வலி வரும்; தனியிடம் கேட்டுப் பாலைப் பீய்ச்சி எடுத்துவிட வேண்டும். எங்கள் வார்டு நர்ஸ்கள் இதைக் கேட்காமலே செய்து தருகிறார்கள். எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. வெட்கப்படாமல் கேளுங்கள்.

தியேட்டர் வாசலில் அரைஞாணும் கொலுசும் கழற்றப்படும். வெள்ளி அரைஞாணை எடுக்கக் கூடாது என்று பாட்டி மல்லுக்கு நிற்பார். ரத்தக் கசிவை நிறுத்த மின்கருவி பயன்படுத்துவோம், உடம்பில் உலோகம் இருந்தால் தோல் பொசுங்கும் வாய்ப்பு உண்டு என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறார்கள். கறுப்புக் கயிறு வேண்டுமானால் வீடு திரும்பியதும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

உள்ளே என்ன நடக்கிறது? வலதுபக்க வயிற்றில் சிறிதாகத் திறந்து, செருகிய குடலை வெளியே எடுப்போம். இழுத்தால் கிழிந்துவிடும். அதனால் மறுமுனையிலிருந்து மெல்லப் பிதுக்கிப் பிதுக்கித் திருப்பி அனுப்புவோம். வெளியே வந்த பகுதி கருநீலமாக இருக்கும். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்துவிட்டுக் காத்திருப்போம். சிவப்பு திரும்பினால் உள்ளே வைத்து மூடிவிடலாம். திரும்பாவிட்டால் அந்தப் பகுதியை நீக்கி, நல்ல குடலோடு நல்ல குடலை இணைத்துத் தைப்போம். வெளியே இருப்பவர்களுக்கு நேரம் இழுத்துக்கொண்டே போவதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம். தாமதமாகிறது என்றாலே விபரீதம் என்று பொருள் இல்லை.

குடலை வெட்டாமல் சரிசெய்திருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் பால் தொடங்கிவிடலாம். வெட்டித் தைத்திருந்தால் இன்னும் சில நாள் கூடும். சற்றே நீக்கப்பட்ட குடலால் வளர்ச்சி குன்றுமா என்று கேட்பார்கள். குன்றாது.

குழந்தைகளுக்குக் கடும் பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸைத் தடுக்கக் கொடுக்கும் சொட்டு மருந்தால்தான் வந்ததா என்ற கேள்வியும் கட்டாயம் வரும். அமெரிக்காவில் 1998-இல் வந்த முதல் ரோட்டா தடுப்பு மருந்து, குடல் செருகலோடு தொடர்பு தெரிந்ததால் 1999-இல் திரும்பப் பெறப்பட்டது உண்மைதான். இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் 2016 முதல் கொடுப்பது வேறு மருந்துகள். இங்கே உருவான ரோட்டாவேக்கைக் கண்காணித்த ஆய்வில் குடல் செருகல் கூடியதாகத் தெரியவில்லை. பேதியால் வரும் ஆபத்தோடு ஒப்பிட்டால், சொட்டு மருந்தைத் தவிர்க்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால் ஒருமுறை குடல் செருகல் வந்த குழந்தைக்கு மீதி டோஸ்கள் தருவதில்லை, தடுப்பூசி போடும் இடத்தில் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

உப்புநீரில் சரியான குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மறுபடி வரலாம். பல நேரம் முதல் சில நாட்களிலேயே. ஆபரேஷன் ஆனவர்களுக்கு அதைவிடக் குறைவு. டிஸ்சார்ஜ் சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே அழுகை திரும்ப வந்தால் பால் கொடுக்காமல் நேராக வாருங்கள். அவசரப் பிரிவில் "வயித்து வலி" என்று சொல்ல வேண்டாம், "குடல் செருகல் வந்த குழந்தை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.