குரோட்டன்ஸின் பெயருக்குப் பின்னால் ஒரு வால்

வாசல் தொட்டியில் மஞ்சளும் சிவப்பும் தெளித்த இலைகளோடு நிற்கும் குரோட்டன்ஸைத் தெரியாதவர் குறைவு. ஆனால் தாவரவியல் கணக்கில் அது குரோட்டனே இல்லை. உண்மையான குரோட்டன், பேதிக்குப் பேர்போன நம் நேர்வாளம்தான். தொட்டிச் செடியின் சரியான பெயர் கோடியேயம் வேரியகேட்டம். அதை முழுசாக எழுதினால் பின்னால் ஒரு வால் தொங்கும்: '(லி.) ரம்ஃ. எக்ஸ் அ.ஜூஸ்.' இந்த வாலில் மூன்று பேர் இருக்கிறார்கள். நடுவில் இருப்பவர் ரம்ஃபியஸ்.

1627இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் பிறந்தவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து கப்பலேறி, இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். படைவீரராக வந்து பிறகு வியாபாரப் பிரிவுக்கு மாறியவருக்குச் செடிகொடி மேல் பித்து பிடித்தது. 1670இல் பார்வை போனது. அம்போன் செடிகளைப் பற்றிய நூலை அதுவரை லத்தீனில் எழுதியவர், பிறரை வைத்து டச்சு மொழியில் எழுத வைத்தார். 1674இல் வந்த நிலநடுக்கம் மனைவி சுசன்னாவையும் மகளையும் கொண்டுபோனது. 1687இல் ஒரு தீ விபத்தில் படங்கள் எரிந்தன. வேறு ஆட்களை வைத்து மீண்டும் வரைய வைத்தார். 1692இல் கையெழுத்துப் பிரதியோடு ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் மூழ்கடித்தார்கள். நல்லவேளை, பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கவர்னர் ஜெனரல் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார். அது ஹாலந்து போய்ச் சேர்ந்தும் கம்பெனி அச்சேற விடவில்லை; வாசனைப் பொருள் ரகசியம் வெளியே போய்விடுமாம்! ரம்ஃபியஸ் 1702இல் இறந்தார். புத்தகம் 1741இல்தான் வெளிவரத் தொடங்கியது.

இனி அந்த வாலுக்கு வருவோம். தாவரப் பெயரிடலில் ஒரு கறாரான விதி உண்டு: ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் நூல் வந்த 1753ஆம் ஆண்டு மே 1க்கு முந்தைய பெயர் எதுவும் செல்லாது. ஆக ரம்ஃபியஸ் இட்ட பெயர்கள் அத்தனையும் ஒரே கோட்டில் காலி. சரி, எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகவேண்டும்? அதுவரை பெயர் என்பது பாதி வர்ணனையாகவே இருந்தது. ஒரு ஆர்கிட்டுக்கு ரம்ஃபியஸ் வைத்த பெயர் 'பெரிய வெள்ளை அங்கிரேக்' (அங்கிரேக் என்றால் மலாயில் ஆர்கிட்) என்ற பொருள் தரும் மூன்று லத்தீன் சொற்கள். லின்னேயஸ் எல்லாவற்றையும் இரண்டு சொல்லில் அடக்கினார்.

நம் தொட்டிச் செடியை அவர் குரோட்டன் இனத்தில் சேர்த்தார். கிரேக்கத்தில் குரோட்டன் என்றால் உண்ணி. கொட்டையின் தோற்றத்தால் வந்த பெயர்; அதே மாதிரி இருக்கும் ஆமணக்குக் கொட்டையைப் பார்த்தவருக்கு ஏன் என்று விளக்க வேண்டாம். 1824இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் அட்ரியன் டி ஜூசியூ, இது தனி இனம் என்று பிரித்தார். புதுப்பெயர் தேடாமல், ரம்ஃபியஸ் எழுதி வைத்திருந்த 'கோடியேயம்' என்பதையே எடுத்துக்கொண்டார். அம்போன் அடங்கிய மலுக்குத் தீவுகளில் வழங்கிய 'கொடிஹோ'வை ரம்ஃபியஸ் லத்தீனாக்கிய சொல் அது. 'எக்ஸ்' என்றால் இதுதான்: பெயர் ரம்ஃபியஸுடையது, முறைப்படி வெளியிட்டவர் ஜூசியூ. அடைப்புக்குள் இருக்கும் 'லி.', முதலில் வேறு இனத்தில் வைத்த லின்னேயஸ். நாம் மட்டும் இன்னமும் 1753லேயே நிற்கிறோம்.

பெயர் நிலைக்க இன்னொன்றும் வேண்டும்: 'இந்தப் பெயர் இந்தச் செடிக்குத்தான்' என்று காட்ட ஒரு மூல மாதிரி. பொதுவாக அது காய வைத்து ஒட்டிய செடியாக இருக்கும். ரம்ஃபியஸின் நூலை வைத்துப் பின்னால் வந்தவர்கள் இட்ட பல பெயர்களுக்கு அதிலுள்ள வெறும் படம்தான் மாதிரி. படத்தில் பூவின் உள்பாகம் தெரியுமா? அதனால் 1913இல் மணிலாவிலிருந்து தாவரவியலாளர் சார்லஸ் ராபின்சன் அம்போனுக்குப் போய், ரம்ஃபியஸ் சொன்ன செடிகளைத் தேடித்தேடிச் சேகரித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அங்கேயே கொல்லப்பட்டார். அவர் சேர்த்த செடிகளை வைத்து, ரம்ஃபியஸின் எந்தப் பெயர் இன்றைய எந்தச் செடி என்று எல்மர் மெரில் 1917இல் நூலாக எழுதினார்.

அதில் ஒரு வெள்ளை ஆர்கிட்டும் உண்டு. மனைவி நினைவாக ரம்ஃபியஸ் அதைச் 'சுசன்னா பூ' என்று எழுதியிருந்தார். லின்னேயஸும் அந்தச் சொல்லை விட்டுவிடவில்லை; இனப்பெயர் பிறகு மாறியும் இன்று அது பெக்டீலிஸ் சுசன்னே.