ஏ.சி.யா, ஜன்னலா? வடசென்னைக் கணக்கு வேறு

காரில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவதைவிட ஏ.சி. போட்டுப் போவதுதான் சிக்கனம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. பொய்யில்லை. ஆனால் அது நெடுஞ்சாலைக் கணக்கு, மூலக்கடை சிக்னலில் நிற்கும் காருக்குப் பொருந்தாது.

தண்டையார்பேட்டையில் கார் ஏ.சி. வேலை பார்க்கிறவன் என்பதால் கோடை முழுக்க இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். பெரும்பாலான கார்களில், ஏ.சி. கேஸை அழுத்தி ஓடவிடும் கம்ப்ரஸரை பெல்ட் வழியாக இன்ஜின்தான் சுழற்றுகிறது. வண்டி நின்றாலும் ஓடினாலும் அதற்குத் தீனி போட வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 45 விநாடி போதும். 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் அதற்கே 4 நிமிடம். அதே தூரத்துக்கு ஐந்து மடங்குக்கு மேல் நேரம் ஏ.சி. ஓடுகிறது.

ஜன்னல் விஷயம் நேர்மாறு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். திறந்த ஜன்னல் வழியாக உள்ளே புகும் காற்று அந்த எதிர்ப்பை இன்னும் கூட்டும். செங்குன்றம் தாண்டி கும்மிடிப்பூண்டி பக்கம் பறக்கும்போது இது தெரியும், வியாசர்பாடியில் தெரியவே தெரியாது. 70, 80 கி.மீ. வரை ஜன்னல், அதற்கு மேல் ஏ.சி. என்பது தோராயமான கணக்கு. வண்டியின் வடிவம், வெயில் எல்லாவற்றையும் பொறுத்து மாறும்.

அப்படியானால் ஊருக்குள் கண்ணாடியை இறக்கிவிடலாமா? பெட்ரோலை மட்டும் பார்த்தால், ஆமாம். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் போகும்போது மைலேஜ் பார்க்காதீர்கள். கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே சுழற்றும் பட்டனைப் போடுங்கள். வெளியே இருக்கும் புகையும் தூசியும் அவ்வளவாக உள்ளே வராது. ஏற்கெனவே குளிர்ந்த காற்றையே மறுபடி குளிர்விப்பதால் கம்ப்ரஸருக்கும் வேலை குறையும். நீண்ட நேரம் அப்படியே விட்டால் தூக்கம் வரும். புகை இல்லாத இடம் வந்ததும் கொஞ்சம் வெளிக்காற்று விடுங்கள்.

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடியை மூடி ஏ.சி.யை முழு வேகத்தில் வைப்பது வீண். நான்கு கண்ணாடியையும் இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டுங்கள். அனல் போனதும் ஏ.சி.

இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏ.சி. சரியாகக் குளிரவில்லை என்றால், "கேஸ் கம்மியா இருக்கும்ணா, ஏத்தி விடுங்க" என்றுதான் வருகிறார்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. நன்றாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். அளவுக்கு மேல் ஏற்றினாலும் கம்ப்ரஸர் திணறும், பெட்ரோல் கூடுதலாகத்தான் போகும். எங்கள் பக்கத்து வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏ.சி.யின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்ஸரை. லாரித் தூசி அப்பிக்கொண்டால் சூடு வெளியேறாது. உப்புக்காற்று சும்மா இருக்குமா, அது உலோகத்தையே அரிக்கும். காசிமேடு, திருவொற்றியூர் கடலோரம் வண்டி நிறுத்துகிறவர்கள் கோடைக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. வாட்டர் சர்வீஸில் கழுவக் கொடுத்தால் அழுத்தத்தைக் குறைத்து நேராக அடிக்கச் சொல்லுங்கள். கிட்டே வைத்துச் சாய்வாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கி, காற்றுப் போகும் வழியே அடைபட்டுவிடும்.