தில்லிக் குளிரில் மேல்தளம்: ஒழுகலா, அறையின் ஈரமா?

ஜனவரி பிறந்துவிட்டால் மயூர் விஹாரிலிருந்தும் துவாரகாவிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் எனக்குச் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "மழையே இல்லை சார், ஆனால் மேல்தளம் சொட்டுகிறது." மழை இல்லாமல் சொட்டினால், மாடித் தண்ணீர்த் தொட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்து உங்கள் அறையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இரவில் நான்கைந்து டிகிரிக்கு இறங்கும் குளிரில், வானம் பார்த்துக் கிடக்கும் கான்கிரீட் தளம் மற்றச் சுவர்களைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். கீழேயோ சன்னல்களை இறுகச் சாத்திக்கொண்டு சமைக்கிறோம், வெந்நீரில் குளிக்கிறோம், துணியையும் உள்ளேயே காயப்போடுகிறோம். எரிவாயு ஹீட்டர் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வெளிவரும். அத்தனையும் குளிர்ந்த தளத்தில் பட்டு நீராகிறது. (மூடிய அறையில் கரியடுப்பு மூட்டித் தூங்குவது உயிருக்கே உலை. என் வேலைக்குச் சம்பந்தமில்லை என்றாலும் போகும் வீடுகளில் எல்லாம் இதைச் சொல்லிவிடுகிறேன்.)

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. சொட்டும் இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் அடைத்து ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறையின் ஈரம். சன்னலைச் சற்றுத் திறந்து வைத்து, சமையலறை விசிறியை ஓடவிட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும். தாளுக்கும் தளத்துக்கும் நடுவில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், ஈரம் தளத்துக்குள்ளிருந்து வருகிறது. கறையும் துப்புக் கொடுக்கும். மூலைகளில் கரும்புள்ளியாகப் பூஞ்சை படிவது அறை ஈரத்தின் வேலை. பழுப்பு விளிம்புள்ள வட்டமும் வெள்ளை உப்புப் பொடியும் கசிவின் அடையாளம்.

கசிவுதான் என்றால் அலட்சியம் கூடாது. மேற்கத்திய இடையூறு, அதாவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து குளிர்காலத்தில் வரும் மழைச் சலனம், வந்தால் தில்லியில் குளிர்காலத்திலும் மழை வெளுத்து வாங்கும்; 2022 ஜனவரியில் மட்டும் சுமார் 88 மில்லிமீட்டர் பெய்தது. பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் இடையே 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் 10 மீட்டர் நீளத் தளம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். நாள்தோறும் இப்படி அசைவதில் முதலில் விரிசல் விடுவது, தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் இடம். அங்கே 'கோலா' என்று இங்குள்ள கொத்தனார்கள் சொல்லும் வளைவுப் பூச்சு உடைந்திருக்கிறதா, மழைநீர்க் குழாய் வாயில் அரசிலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நீர் வடியத் தளத்தின் வாட்டம் (சரிவு) பத்தடிக்கு ஓர் அங்குலமாவது வேண்டும்.

ஆனால் ஜனவரியிலேயே நீர்க்காப்புப் பூச்சு அடிக்க வேண்டாம். பிற்பகலில் அடித்த பூச்சு காய்வதற்குள் பனி இறங்கிவிடும். பிறகு தோல் உரிவதுபோல் உரிந்து வரும். இப்போதைக்குக் குழாய் வாயைச் சுத்தம் செய்து, விரிசலின் மேல் தார்ப்பாய் விரித்தால் போதும். உள்பக்கம் பட்டி பார்த்துக் கறையை மறைப்பது வீண் செலவு. முழு வேலையை மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் குழாய் வாயை அடைத்து ஓர் அங்குல உயரத்துக்கு இரண்டு நாள் நீர் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சாக்குச் சொல்லும் ஒப்பந்ததாரருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.