பூட்டிய வீடுகளும் கணக்கில் உண்டு

வரலாறோ பொருளாதாரமோ முதன்மைப் பாடமாக எடுக்கும் பிள்ளைக்கு, துணைப்பாடமாக அளவுசார் சமூக அறிவியல், அதாவது எண்களையும் கள ஆய்வுகளையும் கொண்டு சமூகத்தை ஆராயும் பாடம், பயன்படுமா என்று சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. டெல்டா மாவட்டங்களில் பல ஆண்டுகளாக இதைக் கற்பித்துவரும் எனக்கு, அப்போதெல்லாம் ஒரு கள ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது.

திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், சம்பா நடவு நடந்துகொண்டிருந்த வாரத்தில், என் மாணவர்கள் காலை 10 மணிக்கு வினாப்பட்டியலோடு தெருத்தெருவாகச் சென்றார்கள். ஆள் இருந்த வீடுகளில் மட்டும் கேட்டுவிட்டு, பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குச் சொந்த நிலம் உண்டு என்று முடிவு கட்டினார்கள். கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால், பூட்டிக் கிடந்தவை நடவுக்குப் போயிருந்த நிலமற்ற கூலிக் குடும்பங்களின் வீடுகள். பொழுது சாய்ந்தபின் மீண்டும் சென்று கேட்டபோது முடிவே தலைகீழானது. பெரியவர் ஒருவர் ‘மூணு மா’ என்றதை மூன்று ஏக்கர் என்று எழுதியிருந்ததும் அன்றுதான் தெரியவந்தது. மூன்று மா சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர்.

இப்பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சராசரியையும், இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவையும் மென்பொருள் கணக்கிட்டுவிடும். ‘ஆர்’ (R) என்னும் புள்ளியியல் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. யார் விடுபட்டார் என்று கேட்கும் பழக்கத்தை மனிதர்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும். ஆவணங்களைச் சந்தேகித்துப் பழகிய வரலாற்று மாணவர்களுக்கு அது விரைவில் வருவதைக் கண்டிருக்கிறேன்.

நம் மண்ணுக்கு இது புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தொடங்கிய கிராம ஆய்வுகளில் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் ஒன்று. பின்வந்த ஆய்வாளர்கள் அதே ஊரை மீண்டும் மீண்டும் ஆராய்ந்ததால்தான், அங்கே நிலமும் கூலியும் மாறிய வரலாற்றை இன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

பயிர்க் காப்பீட்டையே பாருங்கள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஓர் ஊராட்சி அளவில் நெல்லுக்குக் குறைந்தது 4 அறுவடைச் சோதனைகள் நடத்த வேண்டும். குலுக்கல் முறையில் தேர்ந்த வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் பரப்பை அறுத்து எடை போடுகிறார்கள். அந்தச் சராசரி, முந்தைய 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளைக் கொண்டு வகுத்த உத்தரவாத மகசூலைவிடக் குறைந்தால்தான் விளைச்சல் இழப்பீடு கிடைக்கும். தன் வயல் பாழாகியும் பணம் வராத விவசாயிக்கு அதன் காரணத்தை விளக்கவும், சோதனைக்கு வெள்ளம் தேங்காத மேட்டு வயல்களே அமைந்துவிட்டனவா என்று அலுவலரிடம் கேட்கவும், இவ்வகுப்பில் படித்த அவருடைய மகளால் முடியும்.

பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் தொடங்கப் போதும். சேர்வதற்குமுன் பாடத்திட்டத்தை வாங்கி, களப்பணிக்கு எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு நாளும் இல்லையென்றால், வேறு துணைப்பாடம் எடுக்கவே சொல்வேன்.